சாம்பாரில் எத்தனை நாடுகள்?

கேள்வி: செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், ஐந்தாம் படிவத்தில் இருக்கும் மகன். மாமியாருக்குப் பல வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு). இந்த விடுமுறையில் மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து சமையலறையில் தினமும் பஞ்சாயத்துதான். வெளிநாட்டிலிருந்து வருவது எதுவும் வேண்டாம், பருவத்தில் விளைவதை மட்டும் வாங்க வேண்டும், ஆர்கானிக் முத்திரை இல்லாத கீரையைத் தொடக் கூடாது, கூண்டுக் கோழி முட்டை கூடவே கூடாது என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. ஆனால் மாதம் 1,100 வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கிய சாப்பாட்டுச் செலவு போன மாதம் 1,600-ஐத் தொட்டுவிட்டது. மாமியாரோ பொன்னி அரிசியை விடமாட்டேன் என்கிறார். நம் ஊரில் வருடம் முழுக்க வெயிலும் மழையும்தான். இதில் பருவம் எங்கே இருக்கிறது? நான் யார் பேச்சைக் கேட்பது?
(ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்:

அன்புச் சகோதரி,

நாளைக்கு ஒரு சாம்பார் வையுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் போடப்போகிற பொருளையெல்லாம் மேசையில் பரப்பி, மகளை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொன்றும் எந்த ஊர் என்று கேளுங்கள். பருப்பு இங்கே விளைவதில்லை. கடையிலேயே ‘ஆஸ்திரேலியா டால்’ என்றுதான் கேட்டு வாங்குகிறோம். பெரிய வெங்காயம் இந்தியா, இல்லாவிட்டால் பாகிஸ்தான், சில சமயம் ஹாலந்து. பூண்டு சீனா. காய்ந்த மிளகாயும் மல்லியும் சீரகமும் இந்தியா. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியிலிருந்து வடிக்கும் பால். உருளைக்கிழங்கு போட்டால் அதுவும் கப்பலில் வந்ததுதான். கடைசியில் நம்மூர்ப் பொருள் என்று கத்திரிக்காயும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மிஞ்சும். மகளின் சட்டப்படி அவற்றை வேகவைத்துச் சாப்பிடலாம், ஆனால் அதைச் சாம்பார் என்று மாமியாரிடம் கொண்டுபோய் வைக்க முடியாது.

பிள்ளையைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. நம் சாப்பாடு கடல் தாண்டி வருவது நேற்று தொடங்கிய பழக்கம் இல்லை. தோட்டப்புறத்தில் நம் தாத்தா பாட்டிக்குக் கொடுத்த அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அந்த அரிசி நின்றுபோய், வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். இந்த நாடு முழுக்க முழுக்க உள்ளூர் உணவைச் சாப்பிட்ட காலம் என்றால் அநேகமாக அதுதான். மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பெற்றோர் சொன்ன கதை ஒன்றாவது இருக்கும்.

நானும் ஒரு தப்பு செய்தவள்தான். மருத்துவமனையில் டயட்டீஷியனாகச் சேர்ந்த புதிதில், இதய நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் தாளில் வாரம் இரண்டு முறை சால்மன் என்று எழுதுவேன். படித்த பாடநூலில் அப்படித்தான் இருந்தது. ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர் ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். “அம்மா, நீங்க சொன்ன மீனை வாங்கினேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை வாங்கின மாசம் கரண்டு பில் கட்டல” என்றார். அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் பாசார் (சந்தை). அங்கே தினமும் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் குவிந்து கிடக்கும். அதுவும் கொழுப்புள்ள மீன், இதயத்துக்கு நல்லது என்று நாம் தேடும் ஒமேகா-3 அதிலும் தாராளமாக உண்டு. நார்வேயிலிருந்து விமானத்தில் வரும் மீனை எழுதிக் கொடுத்தவள், எதிரில் இருந்த மீனை எழுதவில்லை. அன்றைக்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் கேட்பது, “எந்த பாசாருக்குப் போவீங்க?” என்றுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மகள் எல்லாப் பொருளையும் ஒரே தராசில் நிறுத்துகிறாள், சிக்கல் அங்கேதான். காய்ந்த பொருளையும் அழுகும் பொருளையும் பிரித்துவிடுங்கள். பருப்பு, மிளகாய், மசாலா, அரிசி, வெங்காயம் எல்லாம் கப்பலில், குளிரூட்டும் செலவு பெரிதாக இல்லாமல், ஆயிரக்கணக்கான டன்னாக வருபவை. ஒரு கிலோ பருப்புக்குக் கப்பல் எரிக்கும் எண்ணெய் மிகச் சொற்பம். அதே தூரத்துக்கு அதே எடையை விமானத்தில் கொண்டுவந்தால் பல பத்து மடங்கு எரிபொருள் போகும். ஸ்ட்ராபெரி, புளூபெரி, ஆஸ்பராகஸ், ஐஸில் வைத்த சால்மன் மாதிரி சீக்கிரம் கெடுகிறவைதான் தூரத்திலிருந்து விமானம் ஏறி வருகின்றன. ஆகவே பருப்பை விடச் சொல்லாதீர்கள். சுற்றுச்சூழல் கணக்கில், எந்த ஊரில் விளைந்தது என்பதைவிட என்ன பொருள் என்பதுதான் பெரும்பாலும் பெரிய விஷயம். கனடாவிலிருந்து வந்த பருப்பின் சுமை, பக்கத்து ஊர் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியின் சுமையைவிட மிகக் குறைவு. செவ்வாய், வெள்ளி மரக்கறி சமைக்கும் வீடு ஏற்கெனவே பாதிக் கிணற்றைத் தாண்டிவிட்டது. இதை மகளிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அரிசியில் மட்டும் உங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருக்கலாம். மாமியாரின் பொன்னியை விட்டுவிடுங்கள். இந்த வயதில் ஒரு மனுஷிக்குத் தன் சோற்றின் வாசனை முக்கியம். இனிப்புநீருக்குப் பொன்னியா உள்ளூர் அரிசியா என்பது பெரிய கேள்வியே இல்லை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ கணக்குப்படி தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது முட்டை அல்லது கோழி, பாதி காய்கறியும் பழமும். அந்தக் கால் பங்கில் எந்த அரிசியும் இருக்கட்டும். மற்ற நால்வருக்கும் உள்ளூர் வெள்ளை அரிசி வாங்கலாம். கெடா, பெர்லிஸ் வயல்களும், உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் செகிஞ்சானும் நம் நெற்களஞ்சியம். 10 கிலோ பை 26 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்த அரிசி அது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும், செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியதும், எல்லாரும் உள்ளூர் அரிசிக்குப் பாய, கடைகளில் அது காணாமல் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். விலை ஏறினால்தான் நமக்கு உள்ளூர் ஞாபகம் வருகிறது. அந்த வருடக் கடைசியில் வெங்காயத்துக்கும் அதே கதை நடந்தது.

பருவம் எங்கே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நாலு பருவ நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் இங்கே இலையுதிர்காலப் பூசணியைத் தேடுகிறார்கள். இந்த ஊரில் பருவத்தைத் தெர்மாமீட்டரில் பார்க்க முடியாது. பழக்கடையிலும் மீன்கடையிலும் விலைப்பலகையில்தான் தெரியும். ஏப்ரல், மே, ஜூனில் பெர்லிஸ் ஹருமானிஸ் மாம்பழம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான், சாலையோரம் லோரியிலேயே வைத்து விற்பார்கள். வருடக் கடைசியில் இன்னொரு சுற்று, ஆனால் சிறியது. மற்ற மாதங்களில் வாழைப்பழம், பப்பாளி, கொய்யா, அன்னாசி, தர்பூசணி இருக்கவே இருக்கின்றன. மாமியாருக்கு டுரியானை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் நடக்காது. ஒரு சுளை கொடுங்கள், அந்த வேளை சோற்றைக் குறைத்துவிடுங்கள்.

கீரைக்குப் பருவமே இல்லை, அதுதான் நமக்குக் கிடைத்த வரம். காங்கோங், பாயாம், சாவி எல்லாம் விதைத்து ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும், தாழ்நிலத்திலேயே வளரும், கோலாலம்பூரைச் சுற்றி சிலாங்கூரிலேயே தோட்டங்கள் உண்டு. முட்டைக்கோஸ், தக்காளி, சாலட் இலை எல்லாம் குளிர் கேட்பவை, அதனால் கேமரன் மலையிலிருந்து வருகின்றன. வருடக் கடைசியில் மலையில் மழை பலமாக அடித்தால் பயிர் அழுகும், மண் சரிந்து பாதையும் அடைபடும், இங்கே தக்காளி விலை துள்ளும். அந்த வாரம் தக்காளி வாங்காமல் புளியைக் கொஞ்சம் கூடப் போட்டு ரசம் வைக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் பருவத்தோடு ஒத்துச் சாப்பிடுவது. உங்கள் மாமியார் அந்தப் பெயர் தெரியாமலேயே வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சமைத்திருப்பார்.

மீன் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். நவம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது குவாந்தான், திரெங்கானு பக்கம் சின்னப் படகுகள் கடலுக்குப் போக முடியாது. மேற்குக் கரையில் அந்த அளவு கொந்தளிப்பு இல்லை, கோலா சிலாங்கூர், பங்கோர் பக்கத்து மீன் வந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் மீன்காரர் ஏற்றிய விலைக்கு அவரைத் திட்டிப் பயனில்லை. நெத்திலிக் கருவாடும் முட்டையும் எதற்கு இருக்கின்றன?

காலை ஏழு மணிக்குப் போய்க் கெம்போங் எடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் கண்ணைப் பாருங்கள். கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும், குழி விழுந்து வெள்ளை படர்ந்திருந்தால் நேற்றைக்கு முந்தைய மீன். செவுளைக் கட்டைவிரலால் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகக் கூடாது. வயிற்றை அழுத்தினால் உடனே மேலே எழும்ப வேண்டும். கெம்போங் வயிறு சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் வயிறு வெடித்திருந்தால் பேரமே பேசாதீர்கள். மகளுக்கு நியாய அநியாயம் பேசப் பிடிக்கும் என்றால் இதையும் சொல்லுங்கள்: கூண்டில் வளர்க்கும் கொடுவா, களவா மாதிரி மீன்களுக்குத் தீனியாக, இழுவை வலையில் சிக்கிய குஞ்சு மீன்களை அரைத்துப் போடுவதுண்டு. பெரிய மீன் ஒன்று வாங்குவதைவிடக் கடலில் பிடித்த சின்ன மீனை முழுதாக வாங்கிச் சாப்பிடுவது கடலுக்கும் நல்லது, காசுக்கும் நல்லது.

முத்திரை விவகாரம். இங்கே ‘ஆர்கானிக்’ என்று போட்டு விற்க வேண்டுமானால் எம்.எஸ். 1529 என்ற மலேசியத் தரவிதிப்படி இருக்க வேண்டும், மைஆர்கானிக் சான்றிதழ் அதற்காகத்தான். மைகேப் என்ற நல்ல விவசாய முறைச் சான்றிதழ் வேறு. அதில் பூச்சிமருந்து அடிக்கலாம், ஆனால் விதித்த அளவில், அறுவடைக்கு முன் விட வேண்டிய நாள்களை விட்டு. என் கணிப்பில் உங்கள் மாதிரி வீட்டுக்கு மைகேப் போதும். ‘இயற்கை’, ‘கம்போங்’, ‘ஃப்ரெஷ்’ என்று அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் விற்பவர் தன் பொருளைத் தானே புகழ்வது, அவ்வளவுதான். பயிற்றங்காய் மாதிரி பூச்சி விழும் காய்க்கு மருந்தும் அதிகம் விழும். ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாக உருவிக் கழுவுங்கள், முட்டைக்கோஸின் வெளி இலைகளைக் கழற்றிப் போடுங்கள். வினிகர், சோடா உப்பு என்று தனியாகச் செலவு செய்ய வேண்டாம். ஆர்கானிக் இல்லை என்று கீரையே வாங்காமல் இருப்பதுதான் உடம்புக்கு நிஜமான நஷ்டம். போன மாதம் கூடிய 500 வெள்ளியில் பெரும்பங்கு பிளாஸ்டிக் டப்பாவில் வந்த சாலட் இலையிலும் கினோவாவிலும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ரசீதை எடுத்துப் பாருங்கள்.

முட்டைக்கும் கோழிக்கும் மகள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். கூண்டுக் கோழியின் வாழ்க்கை வாழ்க்கையே இல்லை. கூண்டில்லா முட்டைக்குக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் முட்டை எண்ணிக்கையைக் குறைத்து நல்லதாக வாங்குங்கள். ஏ, பி, சி என்பது எடை அளவுதான், தரம் இல்லை. ஆனால் ‘உள்ளூர்க் கோழி’ என்ற பெருமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. இங்கே வளரும் கோழி தின்பது பெரும்பாலும் வெளிநாட்டுச் சோளமும் சோயாவும். 2022-இல் தீனி விலை ஏறி, கோழி தட்டுப்பாடாகி, ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூர்க்காரர்களின் கோழிச்சோறே ஆட்டம் கண்டது. அவ்வளவு உள்ளூர்!

அறம் என்று பேச்சு வரும்போது கோழியை மட்டும் பேசிவிட்டுப் போகிறோம், அது எனக்கு உறுத்தும். கேமரன் மலைத் தோட்டங்களில் மருந்து தெளிப்பவரும் கீரை பறிப்பவரும் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். 2020-இல் கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் இருக்கின்றன என்று சொல்லி அமெரிக்கா இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமையலறையிலிருந்து இதைச் சரிசெய்ய முடியும் என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். உங்கள் பில் இரண்டு மடங்கானாலும் அந்தத் தொழிலாளியின் சம்பளம் ஒரு காசு கூடாது. மகளுக்கு அந்தக் கோபம் இருந்தால் அதைச் சமையலறைக்கு வெளியே கொண்டுபோகட்டும், அதற்குத்தானே பல்கலைக்கழகம்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, காசும் செலவில்லை. பாசாரில் காய் எடுக்கும்போது “இனி டாரி மானா?”, இது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். என் காய்கறிக்கார சீன ஆன்ட்டி முதல் நாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்றாவது வாரம் நான் கேட்பதற்கு முன்பே, “கேரட் சீனா, வேண்டாம், இந்த வெண்டைக்காய் என் தம்பி தோட்டம், இன்று காலை பறித்தது” என்று ஒதுக்கி வைத்துவிட்டார். ஒரே கடையில் வாரா வாரம் வாங்கினால்தான் இது நடக்கும். சனி, ஞாயிறில் உங்கள் வட்டாரத்தில் அரசாங்க விவசாயச் சந்தை அமைப்பான ஃபாமா நடத்தும் பாசார் தானி (உழவர் சந்தை) இருந்தால் அங்கே விவசாயிகளே நேரில் விற்பார்கள், அங்கே இன்னும் சுலபம்.

அடுக்குமாடியில் தோட்டம் போட முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் கேட்பாள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம், காலஞ்சென்ற எஸ்.எம்.முகமது இட்ரிஸ் தலைவராக இருந்த காலத்திலிருந்தே, வீட்டுத் தோட்டம் பற்றியும் இயற்கை உரம் பற்றியும் தமிழிலேயே சொல்லிக் கொடுத்து வருகிறது. பால்கனியில் நாலு பூச்சட்டி போதும். கறிவேப்பிலை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, தவசிக்கீரை. மலாய்க்காரர்கள் சாயூர் மானிஸ் என்பார்களே, அதுதான் தவசிக்கீரை, குச்சியை ஒடித்து நட்டாலே வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: அதை முட்டையோடு வதக்குங்கள், சொதி வையுங்கள், உடம்பு மெலிய என்று பச்சையாக அரைத்துக் குடிக்க மட்டும் விடாதீர்கள். 1990களில் தைவானில் அப்படித் தினமும் சாறு குடித்தவர்கள் நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் கிடந்தார்கள். இணையத்தில் மெலிவதற்கான சாறு என்று எதையாவது பார்த்து மகள் மிக்சியை எடுத்தால் ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம், இந்தச் சனிக்கிழமை காலை மகளையும் மாமியாரையும் சேர்த்துப் பாசாருக்கு அனுப்புங்கள். கையில் 60 வெள்ளி மட்டும் கொடுங்கள். காய், கீரை, பழம், மீன் நாலு நாளைக்கு வர வேண்டும். எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்கட்டும், செவுளை மாமியார் தூக்கிப் பார்க்கட்டும். நீங்கள் வீட்டில் ஒரு டீ போட்டு உட்காருங்கள். திங்கட்கிழமை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், பாதி மீன்கடை இருக்காது.